நாய்க்கும் பன்றிக்கும் செய்து பார்த்த வைத்தியம்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையின் முடிவில் வயதான தாயார் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "டாக்டர் ஐயா, இரத்தக்குழாய்க்குள் கம்பி வைக்கிற இந்த வைத்தியத்தை முதலில் நாய்க்கும் பன்றிக்கும் செய்து பார்த்தார்களாமே, மெய்தானா?" என்று கேட்டார்கள். மெய்தான் அம்மா என்றேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. அன்று நேரம் இல்லை. இன்று அதைப்பற்றியே பேசுகிறேன்.

வேகமாய் வந்த கார் மோதும்போது, சில வேளைகளில் நெஞ்சுக்குள் இருக்கிற மகா தமனி கிழிந்துபோகிறது. அநேகர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதேயில்லை. வந்து சேர்ந்தவர்களுக்கு முன்பெல்லாம் விலாவைத் திறந்து, தமனியை இடுக்கியால் அடைத்து, கிழிந்த இடத்தில் செயற்கைத் துணிக்குழாய் வைத்துத் தைப்பார்கள். அடைத்திருக்கும் நேரத்தில் முதுகுத்தண்டுக்கு இரத்தம் குறையும். உயிர் பிழைத்தும் கால்கள் விளங்காமல் போனவர்கள் உண்டு. இன்றோ தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக, கம்பிக்கூடு பொருத்திய துணிக்குழாயைச் சுருக்கி மேலே செலுத்தி, கிழிசலுக்கு உட்புறமாக விரித்துவிடுகிறார்கள். 1987-ல், அன்றைய சோவியத் நாட்டின் கார்கிவ் நகரில், நிக்கோலாய் வொலொடோஸ் என்ற மருத்துவர் விபத்தில் சேதமடைந்த மகா தமனிக்கு இப்படிச் செய்தார். ரஷ்ய மொழியில் எழுதினபடியால் மேற்கு நாட்டாரில் அநேகருக்கு அது வெகுகாலம் தெரியாமலே இருந்தது.

இதற்கு முன்னோடியான ஒரு சோதனை அமெரிக்காவிலுள்ள போர்ட்லாந்தில் நடந்தது. சார்லஸ் டாட்டர் என்பவர் நாய்களின் பின்னங்கால் தமனிக்குள் குழாய்களை வைத்துப் பார்த்து 1969-ல் எழுதினார். பிளாஸ்டிக் குழாய்கள் ஒரே நாளில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டன. கம்பிச்சுருள்களில் சில இரண்டு வருஷத்துக்கு மேலும் திறந்தே இருந்தன. அந்தப் பிளாஸ்டிக் குழாயை முதலில் ஒரு மனுஷனுடைய காலில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நினைக்கும்போதெல்லாம் அந்த நாய்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒரு காரியத்தை மறைக்கலாகாது. மிருகம் சொல்வதெல்லாம் மனுஷனுக்குப் பலிப்பதில்லை. அடைப்பை பலூனால் விரிக்கும்போது குழாயின் சுவரும் காயப்படுகிறது; காயம் ஆறுகையில் சுவர் தடித்து மறுபடியும் அடைக்கும். எலியின் கழுத்துத் தமனியை பலூனால் உரசிக் காயப்படுத்தி, சிலாசாப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தபோது தடிப்பு வெகுவாய்க் குறைந்தது என்று 1989-ல் அறிவித்தார்கள். எத்தனை நம்பிக்கை! 1992-ல் வெளிவந்த ஆய்வில், இருதய நோயாளிகளுக்கு அதே மருந்து அந்த அடைப்பைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. எலிகள் மேல் குற்றமில்லை, அவசரம் நம்முடையது. பன்றியின் இருதயத் தமனிகள் அளவிலும் அமைப்பிலும் நம்முடையவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒத்தவை. காயம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தடிப்பு என்பதைக் காட்டினது பன்றிதான்.

ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர் 1959-லேயே ஒரு புத்தகத்தில் மூன்று காரியம் கேட்டார்கள்: மிருகம் இல்லாமல் முடியுமானால் அப்படியே செய்யுங்கள், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், வேதனையைக் குறையுங்கள். இன்று சிலிகான் குழாய்களிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு பங்கு வேலை முடிகிறது. ஆனால் இரத்தம் உறைவதையும் காயம் ஆறுவதையும் முழுவதுமாக அவற்றில் பார்க்க இன்னும் முடியவில்லை.

அந்தத் தாயார் இன்றும் வந்திருக்கிறார்கள், மூன்றாவது வரிசையில். அவர்களுக்கு இன்னும் கேள்வி இருக்குமென்று முகத்திலேயே தெரிகிறது. காப்பி வருவதற்குள் கேளுங்கள் அம்மா.