சிறுநீரகம் பெற்ற பெண்ணுக்கு இன்னுமொரு காவல் வேண்டும்

(மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மாற்றுச் சிறுநீரகம் பெற்று உயிர் மீண்ட பெண்களைப் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டீர்கள். அவர்களுக்கு வாய்த்த மறுவாழ்வைப் புகழ்ந்துரைத்தல் எளிது. நான் கூற வந்ததோ, அம்மறுவாழ்வை ஒட்டி வருகின்ற ஓர் ஆபத்தைப் பற்றி. வாய்விட்டுச் சொல்ல நம் பெண்கள் கூசுகின்ற ஆபத்தைப் பற்றி.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே ஜோசப் மறே என்னும் சத்திர வைத்தியர், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அவ்விரு உடல்களுக்கும் வேற்றுமையில்லை, ஆகவே எதிர்ப்புமில்லை. ஏனையோர் நிலை அதுவன்று. பெற்ற தாயின் சிறுநீரகத்தையே வைத்தாலும் மகளின் உடல் அதனை அந்நியமென்றே எதிர்க்கும். அவ்வெதிர்ப்பை அடக்குவதற்காகவே அசதியோப்ரின், சைக்கிளோஸ்போரின், தக்குரோலிமஸ் முதலிய மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ள நேர்கிறது.

காவலாளியின் கையைக் கட்டிவிட்டால் கள்வனுக்கு வழி பிறக்குமல்லவா? பப்பிலோமா வைரசு, சுருக்கமாக எச். பி. வி., உடலுறவினால் பரவுவது. மணவாழ்வு கண்ட பெண்களிற் பெரும்பாலோரை அது எப்போதாவது தீண்டியே செல்கின்றது. ஆதலின் ஒழுக்கக் கேடு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. எதிர்ப்புச் சக்தி நிறைந்த உடல் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அதனை விரட்டிவிடும். அச்சக்தி அடக்கப்பட்ட உடலிலோ அது எளிதில் நிலைத்துவிடுகிறது. முன்னே தொற்றி அடங்கிக் கிடந்ததும் மீண்டும் தலைதூக்கக் கூடும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் உருவாக ஏனையோரில் 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். எதிர்ப்புச் சக்தி குன்றியோரில் 5 முதல் 10 ஆண்டுகளே போதுமென்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைப் பரிசோதனைக்கு அழைக்கின்றன. நற்பணியே. ஆயினும் 28 வயதிற் சிறுநீரகம் பெற்றவள் 35 வயது வரும்வரை காத்திருப்பதா? அவளுக்குத் தொடக்கத்தில் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டுமென்பது அமெரிக்க நிபுணர்கள் வகுத்த நெறி. ஒவ்வொரு முறையும் இரத்தத்திற் கிரியற்றினின் அளவைப் பார்த்துவிட்டு, கருப்பைக் கழுத்தைப் பற்றி எவரும் கேளாதிருந்தால், காத்த உயிரைப் பாதி வழியிற் கைவிட்டதாகும்.

தடுப்பூசியும் உண்டு. 2017 முதல் நம் பாடசாலைச் சிறுமியருக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உயிருள்ள வைரசு இல்லை. ஆகையால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோருக்கும் ஏற்றலாம். ஆனால் மருந்துகளால் எதிர்ப்புச் சக்தி அடங்கிய பின் அதன் பலன் குறையும். சத்திர சிகிச்சைக்குக் காத்திருக்கும் காலமே தக்க காலம். இத்தகையோருக்கு மூன்று ஊசிகள் போடுவதே சிறந்தது.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: இவற்றைக் கேட்டு அஞ்சி எவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் சிறுநீரகமே பறிபோகும்.

சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் பெண் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், அடுத்த முறை வைத்தியரிடம் அவளோடு கூடச் செல்லுங்கள். தடுப்பூசி எப்போது, பரிசோதனை எப்போது என்னும் இரு கேள்விகளையும், அவள் கூசினால், நீங்களே கேளுங்கள்.