புதிய தொழில்நுட்பமும் நம் குடியிருப்புகளும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

புதிய தொழில்நுட்பம் உலக மக்கள் எல்லார்க்கும் ஒன்றுபோல் கிடைக்கின்றதா என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குப் பணித்துள்ளனர். நான் படித்தது வரலாறு. கணிப்பொறியைப் பற்றி என்னைவிட இங்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மிகுதியாக அறிவார்கள். ஆகவே எந்திரத்தின் உட்புறத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது யார் வீட்டு வாயில் வரை வருகிறது, எந்தத் தெருமுனையில் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலிலிருந்து தொடங்குகிறேன். இங்குள்ள பலருடைய பாட்டன்மார் அங்கே மண்ணுக்கடியில் உழைத்தவர்கள். வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும், அந்நாளில் நம் தருமபுரியை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்திலிருந்தும் சென்ற நம்மவர்களே அச்சுரங்கத் தொழிலாளருள் பெரும்பகுதியினர். 1902ஆம் ஆண்டு சூன் திங்களில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுக்கப்பட்ட மின்விசை, ஏறத்தாழ 92 மைல் கம்பி வழியே கோலார் சுரங்கத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அந்நாளில் உலகம் வியந்த பணி அது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது என்றால், தங்கவயல் எவ்வளவு முந்திக்கொண்டது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் அம்மின்விசை யாருக்காக வந்தது? பாறையை உடைக்கும் எந்திரங்களுக்கும், தண்ணீரை இறைக்கும் எந்திரங்களுக்குமாக வந்தது. தட்டி வைத்துக் கட்டிய குடிசையில் வாழ்ந்த தொழிலாளியின் அடுப்பங்கரைக்காக வரவில்லை. உலகின் புத்தம் புதிய தொழில்நுட்பத்துக்கு மிக அருகில், அதன் காலடியிலேயே நம் முன்னோர் வாழ்ந்தனர், அதற்கு உழைத்தனர், ஆனால் அது அவர்களுக்கு உரியதாய் இருக்கவில்லை. தொழில்நுட்பத்துக்குத் தொலைவில் இருப்பது வேறு, அதன் அருகிலேயே இருந்தும் அது கிட்டாமை வேறு. நம் வரலாறு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அதே காவிரி, சிவசமுத்திரத்தைத் தாண்டி நம் ஒகேனக்கல்லுக்கு வருகிறது. கீழே மேட்டூரில் 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆயினும் ஆற்றின் கரையிலேயே உள்ள நம் மாவட்டத்து மக்கள், புளூரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்துப் பல் கறைபட்டு, எலும்பு வலிகண்டு வாழ்ந்தனர். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013இல். நீரை மேலேற்றும் எந்திரம் உலகில் இல்லாத குறையால் நேர்ந்த தாமதமன்று அது.

உலகத்துக்கு வருவோம். 1985ஆம் ஆண்டு மெயிட்லாந்து ஆணைக்குழு என்னும் பன்னாட்டுக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அக்காலத்தில் உலகம் முழுவதும் இருந்த தொலைபேசிகள் ஏறத்தாழ 60 கோடி. அவற்றுள் முக்கால் பங்கு ஒன்பதே நாடுகளில் இருந்தன. ஜப்பானின் தோக்கியோ என்னும் ஒரு நகரில் இருந்த தொலைபேசிகள், 50 கோடி மக்கள் வாழ்ந்த ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருந்தவற்றைவிட அதிகம் என்று அவ்வறிக்கை கூறிற்று. பின்னர்த் தொலைபேசி கம்பியை விட்டுக் கைக்கு வந்தது. இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று பேசப்பட்டது. இன்று ஆடு மேய்ப்பவரிடமும் கைப்பேசி இருக்கிறது. ஆகவே வேற்றுமை ஒழிந்தது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 

அவ்வாறு ஒழியவில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 550 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தினர். 260 கோடிப் பேர் அதற்கு வெளியே இருந்தனர். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 93 பேருக்குக் கிடைத்தது, மிக வறிய நாடுகளில் நூற்றுக்கு 27 பேருக்கே கிடைத்தது. நகரத்தாரில் நூற்றுக்கு 83, சிற்றூராரில் 48. ஆண்களில் 70, பெண்களில் 65. இந்தக் கடைசிக் கணக்கைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரு கைப்பேசி வாங்கினால் அது யார் கைக்குப் போகிறது? தங்கை பன்னிரண்டாம் வகுப்பு, அண்ணன் படிப்பை நிறுத்தியவன் என்றாலும், கைப்பேசி அண்ணனிடம்தான் இருக்கும்.

நம் நாட்டில் 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றுக் கணக்கில், கணிப்பொறி உள்ள குடும்பங்கள் நகரங்களில் நூற்றுக்கு 23.4, சிற்றூர்களில் 4.4, இணைய வசதி நகரங்களில் 42, சிற்றூர்களில் 14.9. இந்தக் கணக்கு வெளிவந்த சில மாதங்களில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் முதல் நாள். இடையில் பத்தொன்பது திங்கள்!

அந்தப் பத்தொன்பது திங்களில் நான் கண்டதை இங்கு மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வாட்ஸ்அப் வழியே பாடம் அனுப்பினோம். ஒரு வகுப்பில் அதைப் பார்த்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. மற்றவர்கள் வீட்டுக் கைப்பேசி தந்தையுடன் பெங்களூர்க் கட்டட வேலைக்கோ, திருப்பூருக்கோ போயிருந்தது. 2019இல் அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. நல்ல ஏற்பாடு அது. ஆனால் நான் சென்று பார்த்த காலனி வீடு ஒன்றில் அரசு வழங்கிய பழைய வண்ணத் தொலைக்காட்சி மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். பழுதாகி ஆண்டுகள் ஆயிற்று என்றார் அந்த அம்மையார். அடுத்த வீட்டில் பெட்டி வேலை செய்தது, கேபிள் கட்டணம் கட்டவில்லை. அதற்கடுத்த வீட்டில் எல்லாம் இருந்தன, பையன் இல்லை, செங்கற்சூளைக்குப் போயிருந்தான். பள்ளி திறந்தபோது அவன் திரும்பி வரவில்லை. தேடிச் சென்றேன், "இனிமே எதுக்கு சார்" என்றான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 80.09 ஆயிருக்க, நம் மாவட்டத்தினது 68.54. அத்தகைய மாவட்டத்தில் பத்தொன்பது திங்கள் எத்தகைய இழப்பு என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி, என் மேலேயே குற்றமாக வரும் செய்தி. நம் குடியிருப்பு ஒன்றைச் சேர்ந்த பெண், நன்கு படிப்பவள், கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தாள். உயர்கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாருடன் இணைத்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அவ்வெண் அவள் தந்தையினுடையது. "சார், நம்பர் கேட்குது. அப்பாவோட சிம் பெங்களூர்ல தொலைஞ்சி போச்சு" என்றாள். நான் ஏதோ வேலையாக இருந்தேன். "இதெல்லாம் இப்ப ஆன்லைன்தாம்மா. ஏதாவது சென்டர்ல போய்க் கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் சென்றாள். ஒருநாள் எந்திரம் வேலை செய்யவில்லை என்றார்களாம். மறுநாள் டோக்கன் முடிந்துவிட்டது. பேருந்துக்குப் பணம் சேர்த்து மூன்றாம் முறை சென்றபோது விண்ணப்பத்துக்குரிய நாள் கடந்துவிட்டது. அவ்வாண்டு பணம் வரவில்லை. இப்போது அவள் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருக்கிறாள் என்று அறிகிறேன். அன்று மாலை நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளுடன் புறப்பட்டிருந்தால் அரைநாளில் முடிந்திருக்கும் வேலை அது.

அந்த உதவித்தொகை யாரால் வந்தது? 1944இல் தொடங்கிய திட்டம் அது. அண்ணல் அம்பேத்கர் அப்போது அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். 1942இல் அவர் அளித்த முறையீட்டில், நம் பிள்ளைகள் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில்வதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று தனியே எடுத்துரைத்தார். சட்டமும் பொருளியலும் கற்ற அவர் அறிவியலை ஏன் வற்புறுத்தினார்? நீர், மின்விசைத் துறைகளின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடிகோலியவர்களுள் அவர் ஒருவர். எதிர்காலத்தின் ஆற்றல் எங்கே இருக்கப் போகிறது என்பதை அவர் நேரில் கண்டவர்.

எந்திரம் நம்மை நாடி வரும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நமக்குக் கொடுக்க வருகிறதா, நம்மைக் கணக்கெடுக்க வருகிறதா? 1930இல் கோலார் தங்கவயல் தொழிலாளர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைப் பதிவு செய்து கைரேகை எடுக்கும் ஆணையை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. 2020 அக்டோபரில் நம் நியாயவிலைக் கடைகளுக்குக் கைரேகை எந்திரம் வந்தது. களை பறித்தும் கல் சுமந்தும் ரேகை தேய்ந்த பாட்டிமார், விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்ததை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். 2023 சனவரி முதல் நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவும் கைப்பேசிச் செயலியில் என்றானது. படம் ஏறாவிட்டால் உழைத்த கூலி ஐயத்துக்குள்ளாயிற்று. நம்மைக் கண்காணிக்கும் எந்திரம் விரைந்து வந்துவிடுகிறது.

ஆனால் நம் உயிரைக் காக்கும் எந்திரம்? சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்டு 23. பெருமைதான். கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் வந்தன. பாதாளச் சாக்கடைக் குழியைத் துப்புரவு செய்யும் எந்திர மனிதனைக் கேரள இளைஞர்கள் உருவாக்கி 2018இல் திருவனந்தபுரத்தில் இயக்கிக் காட்டினர். எனினும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குழியில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. நிலவுக்கு ஆளில்லாமல் கலம் போகிறது. மலக்குழிக்கு ஆளை அனுப்புகிறார்கள். அந்த ஆள் யார் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டுமா?

இளைஞர்களே, இவ்வளவும் கேட்டு மனம் தளர வேண்டாம். அச்சுப்பொறி இந்நாட்டில் புதிய தொழில்நுட்பமாய் இருந்த காலம் ஒன்று உண்டு. இரட்டைமலை சீனிவாசனார் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907 சூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். விலை ஒரு பைசா என்பதைப் பெயரிலேயே வைத்தது எவ்வளவு நுட்பமான எண்ணம்! கூலிக்காரரும் வாங்கும் விலைக்கு அச்செழுத்தை அவர் இறக்கிவைத்தார். தங்கவயல் தொழிலாளர் அவருக்குப் பெருந்துணையாய் நின்றனர். நீங்கள் கைப்பேசியில் நாளெல்லாம் சினிமாத் துணுக்குகளைப் புரட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஒரு பைசா நினைவுக்கு வருகிறது. வயதானவன் குறை சொல்கிறான் என்று எண்ணினாலும் சரி.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. வடம் ஊராட்சி அலுவலகம் வரை வரும். அங்கிருந்து காலனி அரைக்கல் தொலைவு. மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் அந்த அரைக்கல்லைக் கடக்க எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். கிராம சபை ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று, நம் தெருவுக்கு இணைப்பு எப்போது என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள். வாய்ச்சொல்லாக விட்டுவிட்டால் பதிவேட்டில் ஏறாது.

அதுவரை நாம் காத்திருக்க இயலாது. நம் சங்கக் கட்டடத்தின் பின்னறை பூட்டிக் கிடக்கிறது; பழைய நாற்காலிகள் உள்ளன. அதைத் துப்புரவாக்கி இரண்டு கணிப்பொறியும் ஓர் இணைய இணைப்பும் வைக்கலாம். அரசு வழங்கிய மடிக்கணினிகள் நம் வீடுகளில் சில, பேட்டரி போய்ப் பரணில் கிடக்கின்றன. கொண்டுவந்தால் பழுது பார்க்க ஓசூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். உதவித்தொகை, சாதிச் சான்று, பொறியியல் கலந்தாய்வு, வேலைவாய்ப்பு விண்ணப்பம் ஆகியவற்றை அங்கே கட்டணமின்றிச் செய்து கொடுக்க வேண்டும். ஆதாரில் எண் மாற்ற வேண்டியவர்களை மையத்துக்கு அழைத்துச் செல்ல ஓர் இளைஞர் உடன் போக வேண்டும். இதில் எந்திரத்தைவிட உடன் போகும் ஆளே முதன்மை. விண்ணப்பக் கடைசி நாள்களை ஒரு கரும்பலகையில் பெரிதாக எழுதித் தெருமுனையில் வைக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கென்று மாலை ஐந்து முதல் ஏழு வரை தனி நேரம் ஒதுக்க வேண்டும். தாய்மார் ஒருவர் உடன் இருந்தால் வீட்டில் தயக்கமின்றி அனுப்புவார்கள்.

முதல் ஆறு திங்களுக்கான இணையக் கட்டணத்தை நான் ஏற்கிறேன். சனி, ஞாயிறு மாலைகளில் நானும் அங்கே இருப்பேன். தட்டச்சு எனக்கு மெதுவாகத்தான் வரும், ஆனால் கேட்க வருபவரை வேறிடம் போகச் சொல்ல மாட்டேன். மற்ற ஐந்து நாள்களுக்கும் பெயர் கொடுக்க முன்வருவோர், விழா முடிந்ததும் செயலாளர் அவர்களிடமுள்ள நோட்டுப் புத்தகத்தில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையின் சாவியையும் அவரிடமே இப்போது கேட்கப் போகிறேன்.