ஒரு கிலோமீற்றருக்கு ஒரு திர்ஹாம்



சென்ற செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் என்னுடைய கைத்தொலைபேசியை எடுத்து வைத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தா. பள்ளிக்கூடத்தில் ரெறி ஃபொக்ஸ் ஓட்டம் வருகிறது. காசு சேர்க்கிற இணையப் பக்கத்தை மாமா, சித்தி, பெரியப்பா எல்லாருக்கும் அனுப்பி முடித்துவிட்டு, "அல் கூஸ் அறை 14" என்று என் தொலைபேசியில் இருக்கிற வட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பப் போனா. நான் பாய்ந்து பறித்துவிட்டேன்.

"புற்றுநோய்க்காரருக்கு உதவி கேக்கிறது குற்றமோ அப்பா?" என்று கேட்டா.

"இஞ்ச இல்லை. அவை இருக்கிற இடத்தில குற்றம்" என்றேன். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டா. ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அவவுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். உங்கள் வீடுகளிலும் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வளைகுடாவில் மச்சான்மாரும் இருக்கிறார்கள்.

ரெறி ஃபொக்ஸை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்த நாட்டுக்கு வந்த எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முதலில் கேட்கிற பெயர்களில் அதுவும் ஒன்று. 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12ஆம் திகதி சென்ற் ஜோன்ஸில் அத்திலாந்திக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம். தண்டர் பே நகருக்கு வெளியே செப்ரெம்பர் 1ஆம் திகதி நோய் நுரையீரலுக்குப் பரவி நின்றுபோன அன்றைக்கு 143 நாள், 5,373 கிலோமீற்றர். ஆளுக்கு ஒரு டொலர் தாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. 1981 பெப்ரவரியில் அந்தத் தொகை, கனடாவின் சனத்தொகை அளவுக்கு, இரண்டு கோடியே நாற்பத்தொரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் அவர் காலமானார். வயது 22.

ஆனால் தொடக்கத்தில் பல ஊர்களில் அவரை எவரும் கவனிக்கவில்லை என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். வெறும் வீதியில் ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் போகிற ஒரு பையன், அவ்வளவுதான். பிறகுதான் சனம் வீதியோரம் வந்து நின்றது.

இனி என் கதைக்கு வருகிறேன். டுபாயில் அல் கூஸ் என்றால் சுற்றுலாப் படங்களில் வருகிற டுபாய் இல்லை. ஷேக் சயீத் வீதியின் ஒரு பக்கம் கடலும் ஹோட்டல்களும். மற்றப் பக்கம் உள்ளே போனால் எங்கள் அல் கூஸ்: களஞ்சியங்கள், வாகனம் திருத்துகிற கராஜ்கள், மாபிள் அறுக்கிற பட்டறைகள், இவற்றுக்கு நடுவே தொழிலாளர் குடியிருப்புகள். இப்போது அங்கே ஓவியக் கூடங்களும் கோப்பிக் கடைகளும் வந்து நாகரிகமான இடமாகவும் ஆகியிருக்கிறது. நான் பார்த்தது மற்ற அல் கூஸ். ஓடு, மாபிள் களஞ்சியம் ஒன்றில் கணக்கெழுதினேன். அறை 14இல் எட்டுப் பேர், நாலு இரட்டைக் கட்டில். சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே வெள்ளைத் தூசு.

வேலைக்கு பஸ் ஐந்தரைக்கு வரும். நாலு மணிக்கு எழும்பி ஓடப் பழகினேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் உடம்புக்கு நல்லது என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையில் அம்மா போனதற்குப் பிறகு இரவில் நித்திரை வரவில்லை. வெறுமனே படுத்துக் கிடப்பதைவிட ஓடுவது மேல்.

அம்மாவுக்கு 2010இல் மார்பில் புற்றுநோய் என்றார்கள். வடக்கில் அதற்கென்று தனி வைத்தியசாலை அப்போது இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து மகரகம. அரசாங்க வைத்தியசாலைதான், மருந்துக்குக் காசில்லை. ஆனால் தங்குகிற இடம், கூட நிற்கிற ஆள், தெரியாத பாஷை எல்லாவற்றுக்கும் காசு வேணும். வைத்தியத்தைவிட அந்தப் பயணம்தான் தன்னைத் தின்கிறது என்று அம்மா ரெலிபோனில் சொல்லுவா. ஒரு முறை அறை 14இல் எனக்குத் தெரியாமல் ஒரு கடிதவுறைக்குள் காசு போட்டுத் தலையணைக்குக் கீழ் வைத்திருந்தார்கள். ஆர் எவ்வளவு போட்டார் என்று எழுதவில்லை. அதில் ஒருவர் பெஷாவர் லொறிச் சாரதி. என் அம்மாவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அம்மா 2012இல் போய்விட்டா.

அதற்கு முதல் வருடம், 2011 ஜூலை 1ஆம் திகதி, இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரண்டு நண்பர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், தொடங்கின நடை. ஏறத்தாழ 670 கிலோமீற்றர். 27 நாளில் பருத்தித்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். வழி நெடுக ஆயிரக்கணக்கான சனம் கூட நடந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட இருபது இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ப்பதுதான் நோக்கம். சேர்ந்தது. கட்டடமும் எழும்பியது. 2013இல் திறந்தார்கள். 2016இல் மறுபக்கமாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தார்கள். போர் முடிந்து இரண்டே வருடத்தில் தெற்கிலிருந்து வடக்குக்கு நடந்து வந்தது எனக்குப் பெரிய விஷயமாகவே இன்னும் படுகிறது. அரசியலை நான் இதில் கலக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

இந்தச் செய்திகளைப் படித்து எனக்கும் ஒரு ஆசை வந்தது. 2018 ஜனவரி டுபாய் மரதனுக்குப் பெயர் பதிந்தேன். பதிவுக் கட்டணமே பல நாள் சாப்பாட்டுக் காசு. பிறகு ஒரு கடதாசியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சாப்பாட்டு மண்டபக் கதவில் ஒட்டினேன். 'ஒரு கிலோமீற்றருக்கு ஒரு திர்ஹாம். தெல்லிப்பழை வைத்தியசாலை நோயாளருக்கு.' 42 திர்ஹாம் வீதம் நாற்பது பேர் போட்டால் 1,680. மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

அன்று பின்னேரமே அது கதவில் இல்லை. கீழக்கரைக் காக்கா ஒருவர், முப்பது வருடம் அங்கே இருந்தவர், மடித்து என் கையில் தந்தார்.

"தம்பி, நல்ல எண்ணம்தான். ஆனா இந்த ஊர்ல பெர்மிட் இல்லாம காசு வசூல் பண்ணக் கூடாது. மாட்டுனா நீங்க மட்டும் இல்ல, குடுத்தவனும் பதில் சொல்லணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. 2015இல் டுபாயில் ஒரு ஆணை வந்தது. நன்கொடை சேர்க்கவோ, சேர்க்கச் சொல்லி விளம்பரம் செய்யவோ இஸ்லாமிய விவகார, அறப்பணித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2016இல் அங்கே வசித்த வெளிநாட்டவர் ஒருவர், ஆப்கானிஸ்தான் அகதிகளுக்குப் போர்வை வாங்கக் காசு சேர்த்த ஒரு வெளிநாட்டு அமைப்பின் பக்கத்தைத் தன் முகநூலில் பகிர்ந்ததற்காகச் சில வாரம் தடுப்புக் காவலில் இருந்தார். போர்வைக்கு! 2021இல் நாடு முழுவதற்குமாகவே நன்கொடைச் சட்டம் வந்துவிட்டது. மீறினால் தண்டம் இலட்சக் கணக்கான திர்ஹாம். எங்கள் ஆட்களின் பல வருடச் சம்பளம்.

இதை அநியாயம் என்று ஒரேயடியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதவுகளை எத்தனை உண்டியல்கள் தட்டின என்று உங்களுக்குத் தெரியும். கொடுத்தோம். சில நேரம் மனமுவந்து, சில நேரம் பயத்தில். கணக்குக் கேட்டவர் எத்தனை பேர்? தெல்லிப்பழைக் கட்டடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், அந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் போர்வைக்கு ஒருவரை அடைக்கிற சட்டம் கொஞ்சம் அதிகம்தான். இரண்டும் என் மனதில் சேர்ந்தே இருக்கின்றன.

ஓட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த வருடம் எதியோப்பியாவின் மோசினெற் கெரெமெவ் 2 மணி 4 நிமிடத்தில் ஓடி வென்றார். நான் 5 மணி 20 நிமிடம். ஜுமேரா கடற்கரை வீதியில் முப்பதாவது கிலோமீற்றர்வரை ஓடினேன். பிறகு நடந்தும் ஓடியும் இழுத்துக்கொண்டும் போனேன். வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நீட்டிய பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒன்று "சேர், சேர், கொஞ்சம்தான்" என்று பொய் சொன்னது. இன்னும் எட்டுக் கிலோமீற்றர் கிடந்தது. அறைக்கு வந்தபோது லொறிச் சாரதி ஒரு சொல் சொல்லாமல் கடுகெண்ணெய் காய்ச்சி என் காலில் தேய்த்தார். உண்டியலில் ஒரு திர்ஹாமும் இல்லை. அந்த மாத மேலதிக வேலைக் காசை அண்ணாவுக்கு அனுப்பி, தெல்லிப்பழையில் நோயாளரோடு நிற்கிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னேன். அதோடு சரி.

லண்டன் மரதன் 1981இல் தொடங்கியது. 2019இல் அதில் ஓடியவர்கள் சேர்த்த தர்மக் காசு மொத்தம் நூறு கோடி பவுணைத் தாண்டிவிட்டது. எங்கள் பிள்ளைகளும் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்காக, வைத்தியசாலைகளுக்காக அதில் ஓடுகிறார்கள். நல்லது, ஓடட்டும். ஆனால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: வளைகுடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு அந்த இணையப் பக்கத்தை அனுப்ப வேண்டாம். குழுவில் போட்டால் யாரோ ஒருவர் பாசத்தில் மற்றவருக்குத் தட்டிவிடுவார். ஆபத்து அவருக்குத்தான், எங்களுக்கு இல்லை. கொடுக்க விரும்புகிறவர் அங்கே அனுமதி பெற்ற செம்பிறைச் சங்கம் போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். அல்லது லீவில் ஊருக்குப் போகும்போது தன் கையால் கொடுக்கட்டும்.

இவ்வளவையும் மகளுக்கு இருத்தி வைத்துச் சொன்னேன். பாதியில் எழும்பிப் போகாமல் கேட்டா. ஓட்டத்தன்று ஐந்து கிலோமீற்றர் ஓடினா. அந்தப் படத்தை மட்டும் அறை 14 குழுவில் போட்டேன், காசு பற்றி ஒரு சொல்லும் இல்லாமல்.

டிசம்பரில் அந்த அறைத் தம்பி ஒருவன் லீவில் சங்கானைக்குப் போனான். ஒரு நாள் காலமை தெல்லிப்பழையிலிருந்து ஒரு படம் அனுப்பினான். வாசல் வாங்கிலில் ஐந்து பால்மாப் பைக்கற்றுகள். "பிள்ளையிட்டச் சொல்லுங்கோ அண்ணை, அஞ்சு கிலோமீற்றருக்கு அஞ்சு" என்று கீழே எழுதியிருந்தான்.

மகள் அதைத் தன் ஆசிரியைக்குக் காட்டலாமோ என்று கேட்டா. கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன்.