கண் மங்கினால் களை தங்கும்



களையெடுப்பு பற்றிப் பேச வரும்போதெல்லாம் களைக்கொல்லி, கோனோ வீடர், நட்ட எத்தனையாவது நாள் என்றுதான் பேசியிருக்கிறேன். களை எடுக்கிறவருடைய கண்ணைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அது என் தவறு. அதை எனக்கு உணர்த்தியவர் ஒரு வயதான அம்மாள்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம். சம்பா நட்டு 20 நாள். வயல்காரர் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க சார், அந்த ஆயா போன பக்கமெல்லாம் குதிரைவாலி அப்படியே நிக்குது. நெல்லைப் புடுங்கி வரப்புல போட்டிருக்கு. நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றார். அம்மாளுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சிறு வயது முதல் சேற்றில் நின்றவர். அவருக்கா களை தெரியாது? நானும் யோசிக்காமல் உத்தியோகப் பழக்கத்தில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளையாக ஒரு சின்னச் சவ்வு இருக்கும், பக்கத்தில் மயிர் முளைத்த காது போல ஒன்று இருக்கும், குதிரைவாலிக்கு இரண்டுமே கிடையாது என்று சொல்லி, ஒரு பயிரைப் பிடுங்கிக் கையில் கொடுத்தேன். அவர் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்தார். மறுபடி நீட்டினார். "நீ சொல்றது எங்க தம்பி இருக்கு?" என்றார்.

கூட நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கரையேறியபின் தனியாகக் கேட்டேன். "ரெண்டு வருசமாவே இப்படித்தான். வெளிய சொன்னா யாரு வேலைக்குக் கூப்புடுவா?" என்றார்.

நாற்பது வயதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் சக்தி குறைகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இது நோயல்ல, நரை மாதிரி எல்லோருக்கும் வருவது. பேப்பர் படிக்கிறவர் எழுத்து மங்கியதும் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுகிறார். படிக்காதவருக்கு எழுத்து மங்கினால் எப்படித் தெரியும்? அரிசியில் கல் பொறுக்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும், களை பறிக்கும்போதும்தான் தெரியும். அதையும் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறார்கள்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில், 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு கிட்டப் பார்வைக் கண்ணாடி முதலிலேயே கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். முதலில் கண்ணாடி வாங்கியவர்கள் கொழுந்து பறிக்கும் அளவு, மற்றவர்களுக்குக் கூடியதைக் கழித்துப் பார்த்தாலும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. உரமில்லை, புது ரகமில்லை, ஒரு சாதாரணக் கண்ணாடி!

ஆனால் கண்ணாடி வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். படிக்கிற கண்ணாடி ஒரு அடி, ஒன்றரை அடி தூரத்துக்குப் பொருந்துவது. குனிந்து களை பறிக்கிறவருக்குக் கண்ணுக்கும் பயிருக்கும் இரண்டடிக்கு மேல் இருக்கும். படிக்கிற பவரை மாட்டினால் பயிர் மங்கலாகத்தான் தெரியும், "கண்ணாடி சரியில்லை" என்று பரணில் போட்டுவிடுவார்கள். ஆகவே பரிசோதனை செய்கிறவரிடம் என்ன வேலை என்று சொல்லுங்கள். குனிந்து காட்டினாலும் தவறில்லை. கிட்டப் பார்வைக் கண்ணாடியோடு வரப்பில் நடக்க வேண்டாம். கால் வைக்கும் இடம் கலங்கித் தெரியும். வயலில் இறங்கியபின் மாட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போட்டும் தெளியாவிட்டால் கண்புரையாக இருக்கலாம். வெயிலில் எதிர்ப்பக்கம் பார்த்தால் கண் கூசுகிறது, சாயங்காலம் வரப்புத் தெரியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். "புரை முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன்" என்பது அந்தக் காலத்துப் பேச்சு. இப்போது வைக்கிற செயற்கை லென்ஸுக்கு முத்த வேண்டிய அவசியமில்லை, வேலை கெடுகிறது என்றாலே செய்துகொள்ளலாம். மதுரையிலேயே 1992 முதல் இந்த லென்ஸ் தயாராகிறது. அரசு மருத்துவமனைகளில் செலவில்லாமல் செய்கிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லும் மாதம் பங்குனி, சித்திரை. சம்பா அறுப்பு முடிந்திருக்கும், குறுவை தொடங்கியிருக்காது. சேற்றுத் தண்ணீர் கண்ணில் படாமல் டாக்டர் சொன்ன நாள்வரை வீட்டில் இருக்க முடியும்.

எல்லா மங்கலும் புரையல்ல. கண் நீர் அழுத்த நோய் ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுவிடும், போனது திரும்ப வராது. சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண்ணின் உள்பக்கத்தையும் காட்டிவிட வேண்டும்.

கதிரடிக்கும்போது நெல் சுணை கண்ணில் பட்டால் தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் விடாதீர்கள். பூஞ்சாணம் புகுந்து கருவிழி புண்ணாகிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சில சமயம் புண்ணை மேலும் வளர்க்கும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

பூச்சிமருந்து விஷயத்தில் எனக்கு இன்னும் பயம். மருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தில் சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. புரை பழுத்த கண்ணுக்கு நீலமும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூடியில் உள்ள மில்லி கோடு தெரியவே தெரியாது. குத்துமதிப்பாக ஊற்றி இரட்டிப்பு மருந்து அடித்துப் பயிரைக் கருக்கிய பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். அளவுக் கப்பில் தேவையான இடத்தில் கறுப்பு பெயிண்டால் பட்டையாக ஒரு கோடு போட்டு வையுங்கள். அரிவாள் பிடியில் சிவப்புத் துணி சுற்றினால் புல்லில் வைத்ததும் தெரியும்.

வைத்தியம் பார்த்தும் பார்வை முழுதாகத் திரும்பாதவர்களை நிறுத்திவிடாதீர்கள் என்று வயல்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாற்று முடி கட்டுவது, கதிர்க்கட்டு கட்டுவது எல்லாம் கை தடவிச் செய்யும் வேலை. அதில் அவர்கள் இளவட்டங்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். பொழுது மங்கியபின் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த அம்மாளுக்கு ஒரு கண்ணில் புரை. மாசி கடைசியில் எடுத்தார்கள். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடியும் கொடுத்தார்கள். குறுவையில் வயல்காரரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முதல் நாளே கண்ணாடி சேற்றில் விழுந்து, தேடி எடுக்க அரை மணி ஆனதாம். இப்போது இரண்டு பக்கமும் நூல் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறார். நீங்களும் நூல் கட்டிக்கொள்ளுங்கள்.