சைக்கிள் போகும் ஓரமும் பாதையின் ஹக்கும்

(பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வி உதவிக் கூட்டத்தில் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நாம் ஸதகா நிதியில் வாங்கிக் கொடுத்த சைக்கிளும், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சைக்கிளும் நம் வீடுகளில் நிறையவே உண்டு. ஆனால் விசாரித்தால், பல சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போடத்தான் உதவுகின்றன. தாய்மார்களைக் கேட்டால் ஒரே பதில்: "அந்த ரோட்டில் பிள்ளையை எப்படி விடுவது?" பெண் பிள்ளை என்றால் பேச்சே இல்லை. 2001-02-ல் இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியபோது அது ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகவே தொடங்கப்பட்டது. மற்றவர்களுக்கு வந்தது பிறகுதான். பெண் பிள்ளையின் படிப்பு தூரத்தால் நின்றுவிடக்கூடாது என்பதுதான் அதன் கருத்து. அந்தச் சைக்கிள் நம் வீட்டில் பயத்தால் நிற்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிளுக்கென்று பிரித்த பாதை கிடையாது. இடது ஓரம்தான் பாதை. அந்த ஓரத்தில் பஸ் நிற்கும், ஆட்டோ நிற்கும், தள்ளுவண்டி நிற்கும். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. நாம் இருப்பது 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில். இங்கேயும் கேட்க வேண்டும், கேட்போம், மனு தயாராகிறது. அதற்கு முன் நம் பக்கம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் நம் ஊர் சந்தை, அன்றைக்குத்தான் ஜும்ஆ. சந்தைக்கு வருகிறவர்களின் வண்டி ஒரு பக்கம், தொழ வந்த நம் வண்டி ஒரு பக்கம். பாங்கு சொன்ன பிறகு அவசரமாக வந்து, ஓரத்தை அடைத்து இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டு உள்ளே போகிறோம். அந்த நேரத்தில் சைக்கிளில் வருகிற பிள்ளை என்ன செய்யும்? நடு ரோட்டுக்குத்தான் போகும், பின்னால் லாரி வரும். பாதையில் உட்காருவதைத் தவிர்க்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது அந்த ஹக்குகளில் ஒன்று. கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், நாமே கொண்டுபோய் முள்ளை வைப்பதை என்னவென்று சொல்வது? இமாம் ஹஜ்ரத் அவர்களிடம் பேசியிருக்கிறோம். வண்டிகளை ஒரே வரிசையாக நிறுத்தவைக்க வாலிபர்கள் நான்கு பேர் வேண்டும். பெயர் கொடுங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் உறவுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே நடைபாதையில் சைக்கிள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சைக்கிள் பாதையில் 25. பிரேக் இல்லாத சைக்கிளைச் சாலையிலோ பாதையிலோ ஓட்டக்கூடாது. மின்சார ஸ்கூட்டர்களை 2019 நவம்பரில் நடைபாதையிலிருந்து அடியோடு விலக்கிவிட்டார்கள். மீறினால் அபராதம், சிறை வரைக்கும் போகும். பாதை போட்டுக் கொடுத்ததோடு அவர்கள் விடவில்லை. வேகமானவர் மெதுவானவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நமக்கு இது புதிதா? வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்று மார்க்கம் நமக்கு எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது. ஸலாம் சொல்ல வேண்டிய ஆள், பெல் அடித்து விரட்டலாமா?

நம் நாட்டுச் சட்டமும் வாயில்லாதது அல்ல. சைக்கிள் பாதை என்று பிரித்த இடத்தில், சீருடையில் உள்ள போலீஸ்காரர் அனுமதித்தால் ஒழிய மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்று 1989 சாலை விதிகளிலேயே இருந்தது. ஆக, நாளைக்கு நம் ஊரில் பாதை போட்டால் முதலில் அதில் ஏறுவது நம் பையனுடைய பைக்காக இருக்கக்கூடாது.

இனி பிள்ளைகளே, உங்களுக்கு. இடது பக்கமாகவே போங்கள். சுற்றிப் போக வேண்டுமே என்று எதிர்த்திசையில் வருவது மிக மோசம். திருப்பத்தில் வரும் வண்டிக்காரர் உங்களை எதிர்பார்க்கவே மாட்டார். நிறுத்தியிருக்கும் காரை ஒட்டிப் போகாதீர்கள், ஒரு கதவு திறக்கிற அளவு இடம் விடுங்கள். நிற்கும் பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே நுழையாதீர்கள். இறங்குகிறவர் உங்கள் மேல்தான் இறங்குவார். லாரி இடது பக்கம் திரும்பினால் பின்னாலேயே நில்லுங்கள், அதன் பக்கவாட்டில் நீங்கள் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. மூன்று பேர் கைகோத்துக்கொண்டு பேசியபடி போவது வேண்டாம். காதில் மாட்டிய பாட்டுக் கருவியும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. புர்காவோ துப்பட்டாவோ செயினில் சிக்குவதுதான் பெரிய ஆபத்து. செயின் கவரும், பின்சக்கரத்துக்கு வலையும் கட்டாயம் போடுங்கள், துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். ஓட்டவே கூடாது என்று சொல்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்வோம்: ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்காருவதைவிட இது கண்ணியம் குறைந்ததா?

மின்சாரச் சைக்கிளைப் பற்றியும் கேட்டார்கள். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் மிகாத சிறிய வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. லைசென்ஸ் வேண்டாம் என்றால் புத்தியும் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு அலுவலக வாசலில் சைக்கிள் பழுது பார்ப்பவர் ஒருவர் இருப்பார். பிரேக், பெல், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், செயின் கவர் எல்லாம் இலவசமாகப் போட்டுத் தருவோம். மாடிப்படிக்குக் கீழே கிடப்பதையும் கொண்டு வாருங்கள். காற்றுப் போன டியூப் இருந்தாலும் பரவாயில்லை.