ஊர் உடன் நிற்கட்டும்



காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. காஞ்சி மகா பெரியவருக்குக் கருங்கல்லில் எழுப்பிய மணிமண்டபத்தால் இன்று பலருக்கும் தெரிந்த ஊர். அதற்கு வெகு காலம் முன்பே அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. அது ஓர் இளைஞனால் வந்த பெருமை.

அவன் பெயர் கணிகண்ணன், திருமழிசையாழ்வாரின் சீடன். தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னான் பல்லவ மன்னன். மனிதரைப் பாட மாட்டேன் என்றான் கணிகண்ணன். நாடு கடத்தினான் மன்னன். சீடன் இல்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்று ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் அழைத்தார் என்று காஞ்சியில் கோயில்கொண்ட திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் அன்றிரவு தங்கிய இடம்தான் ஓரிக்கை. காஞ்சி இருண்டு போனது. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பினார்கள். வைணவ மரபு சொல்லும் வரலாறு இது.

ஆழ்வாரை வளர்த்தவர் பிரம்பு அறுத்துப் பிழைத்தவர். கணிகண்ணன், ஆழ்வாருக்குப் பால் கொண்டுவந்து கொடுத்த ஒரு முதிய தம்பதியின் பிள்ளை. இருவருக்கும் இரத்த உறவு இல்லை. பக்தி தந்த உறவு. ஒரு பிள்ளை தன் மனசாட்சிப்படி நின்று துன்பப்படும்போது, வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் எழுந்து வந்து உடன் நடக்கிறார். இளம் வயதில் இதைவிடப் பெரிய துணை இல்லை. நம்பிக்கையால் கூடிய சமூகம் பிள்ளைகளுக்குத் தர வேண்டியதும் இதுதான்.

தை மகத்தன்று பெருமாள் ஓரிக்கைக்கு எழுந்தருளும் வழக்கம் இன்றும் உண்டு. இத்தகைய புறப்பாடுகளில் ஸ்ரீபாதம் தாங்கும், அதாவது பெருமாளைத் தோளில் சுமக்கும் இளைஞர்களைப் பாருங்கள். உயரம் பார்த்து நிற்க வேண்டும். ஒரே சீராக அடிவைத்து நடக்க வேண்டும். ஒருவன் களைத்தால் இன்னொருவன் தோள் மாற்ற வேண்டும். வேலைக்குப் போகிறவனும் கல்லூரி மாணவனும் ஒரே தண்டுக்கடியில் நிற்கிறார்கள். பெரியவர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். தான் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று ஒரு பையன் உணரும் இடம் அது.

ஆய்வும் இதையே ஒட்டிச் சொல்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் யிங் சென், டைலர் வாண்டர்வீல் இருவரும் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 5,000 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு. சிறு வயதில் வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போனவர்கள், போகாதவர்களைவிட, இருபதுகளில் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 18 விழுக்காடு அதிகம். போதைப்பொருள் பக்கம் போகும் வாய்ப்பு 33 விழுக்காடு குறைவு. தொண்டு செய்வதிலும் அவர்களே முன்னே நின்றார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த முடிவு புதிதாக இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் மதம் கேட்காமல் மக்களைத் தங்கவைத்தன. அங்கே ஓடி ஓடிச் சோறு போட்டவர்கள் இளைஞர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கதவை மூடிய வழிபாட்டிடம் பிள்ளைகளைக் காயப்படுத்தும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாதி கேட்கும் கூட்டமும், கேள்வி கேட்ட பிள்ளையை விரட்டும் கூட்டமும் அந்தப் பல்லவ மன்னன் பக்கம் நிற்கின்றன.

கடல் கடந்து வாழும் பெற்றோர்களே, பிள்ளைகளை விழாவுக்கு அழைத்து வந்து பின்வரிசையில் உட்கார வைத்தால் போதாது. பொறுப்பைக் கொடுங்கள். அன்னதானக் கணக்கை அவர்கள் எழுதட்டும். பெண் பிள்ளைகள் நிர்வாகக் குழுவில் அமரட்டும். ஒரு பிள்ளை தேர்வில் தோற்றால், மனம் உடைந்தால், ஊர் வாய்க்கு மெல்ல அவல் ஆகிவிடாமல் காப்பாற்றுங்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். இளைஞர்களே, நீங்களும் உங்களைவிடச் சிறியவர்களுக்கு அப்படி நில்லுங்கள். இந்த ஆண்டிலேயே தொடங்குங்கள்.