நம் உடையை நாமே தைப்போம்

 

துணிக்கடைக்காரர்களாகிய எங்களைப் பேச அழைத்தால் வியாபாரத்தைப் பற்றித்தான் பேசுவோம் என்று நினைத்திருப்பீர்கள். பாதி உண்மை. கடையில் வாங்கிய துணி வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நோன்பு தொடங்கப் பல வாரங்கள் இருக்கும்போதே தையற்கடைகளில் 'ஆர்டர் முடிந்தது' என்று சொல்லிவிடுகிறார்கள். லாயாங் லாயாங்கிலிருந்து குளுவாங்குக்கும் கூலாய்க்கும் துணியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில், துணி விலையைவிடத் தையற்கூலி கூடிவிடுகிறது. "துணி வேண்டாம், தைத்ததாகவே கொடுங்கள்" என்கிறார்கள். கொடுக்கிறோம். தோள் பொருந்தினால் கை நீளமாக இருக்கிறது. கை பொருந்தினால் உடம்பு பிடிக்கிறது.

துணி நமக்குப் புதிதல்ல. நாம் உடுத்தும் கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். நம் பழவேற்காட்டைத்தான் ஐரோப்பியர்கள் 'புலிக்காட்' என்று அழைத்தார்கள்; அந்தத் துறைமுகத்தின் பெயரே துணிக்கும் பெயரானது. அந்தக் கைலியைக் கடையிலிருந்து மூட்டாமல் வாங்கிவந்து, வீட்டில் உம்மா மூட்டித் தருவார். தோட்டத்து வீடுகளில் தவணைக்கு வாங்கிய மிதி இயந்திரம் ஒன்று இருந்தால், பள்ளிச் சீருடை முதல் பெருநாள் உடை வரை அதில்தான் பிறக்கும்.

எங்கள் உம்மா 'தமிழ் நேசன்' பத்திரிகைத் தாளில் பேப்பர் கட்டிங் வெட்டி, கசங்காமல் மெத்தைக்கு அடியில் வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரும் வயதும் இருக்கும். தங்கைக்குத் தைக்கும்போது அக்காவின் தாள் வெளியே வரும். இது நம் வீட்டுப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் பட்டரிக் என்ற தையற்காரர், பல அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை 1863இலேயே விற்கத் தொடங்கினார். தையற்கடைக்குப் போக வசதியில்லாத பெண்களும் அவற்றை வைத்து வீட்டிலேயே தைத்தார்கள்.

பொலிடெக்னிக்கில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததும் இதுதான்: இரும்பைத் தொடுமுன் தாளில் வரை. தாளில் தப்பு செய்தால் போவது ஐந்து சென்; துணியில் செய்தால் ஐம்பது வெள்ளி.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு பாஜு கூரோங்கைவிட நல்ல பாடம் இல்லை. 45 அங்குல அகலத் துணி 4 மீட்டர் இருந்தால், பெரியவர் ஒருவருக்கு மேல்சட்டையும் பாவாடையும் வரும். நம் ஜொகூருக்குரிய தெலோக் பெலாங்கா வகையில் காலரும் கிடையாது. முன்னும் பின்னும் சேர்ந்த உடல் துண்டு ஒன்று, கைகள் இரண்டு, பக்கவாட்டில் 'பெசாக்' நான்கு, அக்குளுக்கு 'கெக்கெக்' இரண்டு. கழுத்தைத் தவிர மற்றவை பெரும்பாலும் நேர்க்கோட்டு வெட்டுதான். பெசாக் மேலே குறுகி, கீழே அகலும். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்து வெட்டினால் துணி வீணாகாது. கெக்கெக் ஒரு சிறு சதுரம். அது இருப்பதால்தான் கையை உயர்த்தும்போது சட்டை மேலே ஏறுவதில்லை. லாயாங் லாயாங் என்றால் பட்டம். சாய்த்துப் பிடித்தால் அந்தத் துண்டும் சின்னப் பட்டம் போலத்தான் இருக்கும்.

பருத்தித் துணியானால் வெட்டுமுன் நனைத்து உலர்த்துங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள். வளரும் பிள்ளைக்குக் கீழ் மடிப்பில் 2 அங்குலம் கூடுதலாக விட்டால் அடுத்த ஆண்டும் உதவும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கடைகள் மூடின. மருத்துவமனைகளுக்கான பாதுகாப்பு அங்கிகளை நாடெங்கும் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தார்கள். தையல் தெரிந்தவர்கள் அன்று சும்மா இருக்கவில்லை. கணவரை இழந்து, சின்னப் பிள்ளைகளை விட்டு வெளிவேலைக்குப் போக முடியாத சகோதரிக்கும் இந்தக் கைத்தொழில் சோறு போடும். ஆனால் தைக்கத் தெரிந்த நம் தாய்மார்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் மனத்தில் இருக்கும் அளவுகள் தாளில் ஏறாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டி வைப்போம். 4 வயதுப் பிள்ளை முதல் பெரியவர் வரை, பாஜு கூரோங், பள்ளிச் சீருடை, ஜிப்பா எல்லாவற்றுக்கும் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி, அளவை எழுதி அதில் வைப்போம். வேண்டியவர்கள் வந்து தாளில் வரைந்துகொண்டு போகட்டும். அட்டை மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். ஆண்பிள்ளைகளும் வரலாம், பட்டன் தைக்கத் தெரிந்த மாப்பிள்ளையை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

"துணி விற்க வழி பார்க்கிறார்கள்" என்று சிலர் சிரிப்பீர்கள். விற்றால் மகிழ்ச்சிதான்! அட்டையும் கத்தரியும் எங்கள் கடையின் பொறுப்பு. அளவெடுத்து வெட்டத் தெரிந்த தாய்மார்கள் இன்று வீடு திரும்புமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.